மஞ்சள் தொடாத ஜன்னல் திரை

என் மாமியார் தமக்காகப் பாடப்பட்ட ஒப்பாரியைத் தாமே கேட்டவர். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, சுவரில் சாய்ந்துகொண்டு, சுக்குக் கஷாயத்தை ஊதிக் குடித்தபடி கேட்டார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக் கோமதியக்கா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். என் மாமியார் ஊருக்கே சோறு போட்ட கை என்றும், ஒரு கடுஞ்சொல் அறியாத வாய் என்றும் ராகம் போட்டுப் பாடினாள். முந்தின மாதம்தான் ஓடைத் தண்ணீர் விஷயமாக அந்த வாயிலிருந்து கோமதியக்காவுக்கு என்னென்ன கிடைத்தது என்பது எங்கள் சந்து முழுவதற்கும் தெரியும்.

நான் ஓடிப்போய் நிறுத்தப் பார்த்தேன். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு மக்கா, பாடட்டும். எனக்க பேர்ல இவ்வளவு பிரியம் வச்சிருக்கான்னு இப்பந்தானே தெரியுது."

இத்தனைக்கும் காரணம், நான் தைத்து மாட்டிய மூன்று ஜன்னல் திரைகள். திரைக்கும் சாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஆனால் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டியிருக்கும். போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, "நீங்கள் விஷயத்துக்கு வருவதற்குள் என் காப்பி ஆறிவிடுகிறது" என்று பாளையங்கோட்டை வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அம்மா, இந்த வாரம் காப்பியைக் குடித்துவிட்டே உட்காருங்கள்.

கதவடைத்த வெளிச்சம்

நான் கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தபோது எங்களுக்கு வாய்த்தது ஆரியசாலையில் ஒரு வரிசை வீடு. என் வீட்டுக்காரர் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் சரக்குப் பார்ப்பவர். நமச்சிவாயம் பிள்ளை என்றால் கடைத்தெருவில் தெரியும். வீட்டில் அவர், அவருடைய அம்மா, நான். அவ்வளவுதான்.

வீட்டின் முன்னறைக்கு மூன்று ஜன்னல்கள். மூன்றும் சந்துப் பக்கம் பார்த்தவை. சந்திலோ விடிந்தது முதல் சுமை வண்டிகள். வற்றல் மிளகாய் மூட்டை வந்திறங்கும் நாளில் தெருவே தும்மும். வண்டி நகராத நேரத்தில் வண்டிக்காரர்கள் எங்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, உள்ளே யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரு கெடுதலும் நினைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் மரக்கதவுகளைச் சாத்தியே வைத்திருந்தோம். பகல் பன்னிரண்டு மணிக்கு முன்னறையில் விளக்கு வேண்டும்.

எனக்கோ வெளிச்சம் வேண்டும். நான் நாகர்கோவிலில் மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் படித்தவள். அங்கே ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தார். அவருக்குத் தெரிந்த தமிழில் பாதி "பிரி" என்ற ஒரே வார்த்தை. ஒரு தையல் கோணினாலும் "பிரி" என்பார். ஒரு கைக்குட்டையை நான் ஒன்பது தடவை பிரித்திருக்கிறேன். அப்படிப் படித்து, தையல் பரீட்சையில் தேறி, அந்தக் கடுதாசியைப் பெட்டியில் சேலைக்கடியில் வைத்துக்கொண்டு, இருட்டறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எனக்கு அது பொறுக்கவில்லை. வீட்டில் யாரும் என்னைக் கொடுமை செய்யவில்லை, நன்றாகத்தான் வைத்திருந்தார்கள். ஆனாலும் பொறுக்கவில்லை.

அப்போதுதான் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேண்டும் என்ற செய்தி வந்தது. அங்கே படிக்கும் ஒரு பெண்ணுக்கு நான் பாவாடை தைத்துக் கொடுத்திருந்தேன். அந்தப் பாவாடையைப் பார்த்துவிட்டுப் பெரிய டீச்சரே விசாரித்தாராம். அவர் மலையாளத்துக் கிறிஸ்தவ அம்மாள், கண்டிப்புக்குப் பேர்போனவர்.

அவரிடம் நான் மூன்று நாள் பேசிப் பார்த்தேன். 'அவர்' என்றால் என் வீட்டுக்காரர். எங்கள் காலத்தில் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டோம், மேலே ஒரு தடவை எழுதியதற்கே கை கூசுகிறது. நாலாம் நாள் அவர் தீர்ப்புச் சொன்னார்.

"நான் போயி ஒருத்தர்கிட்டயும் கெஞ்ச மாட்டேன், கேட்டியா. அந்த டீச்சரு நம்ம வீட்டு நடை ஏறி வந்து, எங்கிட்ட கேக்கட்டும். அப்பம் நீ போலாம்."

நடக்காத காரியம் என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார். நான் பாவாடைக்காரப் பெண்ணிடம் சொல்லியனுப்பினேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. வருகிற மாதம் இரண்டாம் சனிக்கிழமை காலையில் வருகிறேன், வீட்டில் தைத்தது ஏதாவது இருந்தால் பார்க்க வேண்டும் என்று பெரிய டீச்சர் சொல்லியிருந்தார்.

ஒன்றரை மடங்கு

வீட்டில் தைத்தது என்று காட்ட என்னிடம் தலையணை உறை தவிர ஒன்றுமில்லை. அப்போது தம்பானூர்ப் பக்கம் ஒரு வக்கீல் வீட்டில் பார்த்த ஜன்னல் திரைகள் நினைவுக்கு வந்தன. கதவு திறந்திருக்கும், காற்று வரும், வெளிச்சம் வரும், வெளியே நிற்பவனுக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. திருவனந்தபுரத்தில் அதைக் கர்ட்டன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கர்ட்டன் தைத்துவிட்டால் டீச்சருக்குக் காட்டவும் ஆயிற்று, எனக்கு வெளிச்சமும் ஆயிற்று.

அவர் கடையிலிருந்து புதுக் காடாத் துணி கொண்டுவந்தார். வெளுக்காத துணி, கஞ்சி மொடமொடப்பு போகாதது. மூக்கருகே கொண்டுபோனால் தறியின் வாசனை அடித்தது.

கர்ட்டன் தைப்பது சுலபம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜன்னல் எவ்வளவு அகலமோ அவ்வளவே துணி வைத்தால் அது தோர்த்துத் துண்டு காயப்போட்ட மாதிரி தட்டையாகத் தொங்கும். ஒன்றரை மடங்கு துணி வைக்க வேண்டும். அப்போதுதான் சுருக்கம் விழும். மேலே மடித்து மூங்கில் கழி நுழைய வழி விட வேண்டும். கீழே நாலு விரல் அகலத்துக்கு மடித்துத் தைக்க வேண்டும். அந்தக் கனம் இருந்தால்தான் காற்றுக்குப் பறக்காமல் நேராக நிற்கும். அந்தக் கீழ்மடிப்பில்தான் தைத்தவளின் கை தெரியும். உள்பக்கம் தையல் இருக்க வேண்டும், வெளிப்பக்கம் ஊசி பட்ட அடையாளமே இருக்கக்கூடாது.

மேல்மடிப்பும் பக்கங்களும் முடித்தேன். அப்போது இரண்டு சோதனைகள் சேர்ந்து வந்தன. மாமியாருக்குக் காய்ச்சல் கண்டு படுக்கையில் விழுந்தார். பத்து நாளாகியும் விடவில்லை. அடுத்தது, டீச்சர் வர ஆறு நாள் இருக்கும்போது எனக்கு வலதுகை ஆள்காட்டி விரலில் நகச்சுற்று. விரல் வீங்கி விண்விண் என்று தெறித்தது. எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் சொருகிக்கொண்டு, முடியாமல் கிடந்த மூன்று திரைகளையும் பார்த்து அழுதேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. கடை விடுமுறை. அவர் என்னைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். எழுந்துபோய் மூன்று ஜன்னல் கதவுகளையும் சாத்தினார். வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார். விளக்கை ஏற்றினார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ஊசியைத் தா" என்றார்.

எனக்கு அதுவரை தெரியாது. கடையில் சேர்ந்த புதிதில், வெட்டின துணியின் தலைப்புப் பிரிந்துபோகாமல் மடித்துத் தைக்கிற வேலைதான் அவருக்குக் கொடுத்திருந்தார்களாம். மூன்று வருஷம் அதையே செய்திருக்கிறார். அவர் தைத்த மடிப்பைத் திருப்பிப் பார்த்தேன். வெளிப்பக்கம் ஊசி பட்ட இடமே தெரியவில்லை. அந்த வெள்ளைக்கார அம்மா இருந்தால் "பிரி" என்று சொல்ல வாய் வந்திருக்காது.

"இது வெளிய தெரியப்பிடாது" என்றார். "ஆம்பள கர்ட்டன் தைக்கியான்னு தெரிஞ்சா சாலைல நான் தலை காட்ட முடியாது."

நான் தலையில் அடித்து சத்தியம் செய்தேன். அடித்தது எலுமிச்சம்பழக் கையால். அந்த வலி இன்னும் நினைவிருக்கிறது.

ஒரு விரல் மஞ்சள்

வெள்ளிக்கிழமை மாலையில் மாமியார் படுக்கையிலிருந்தே கேட்டார், துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்தாயா என்று.

எங்கள் பக்கத்துப் பழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தறியிலிருந்து வந்து தண்ணீர் படாத புதுத் துணிக்குக் கோடி என்று பெயர். மனிதர் உடுத்துவதற்கு முன் அதன் ஓரத்தில் துளி மஞ்சளாவது தொட்டு வைப்போம். மஞ்சள் தொடாத கோடி ஒரே ஒரு காரியத்துக்குத்தான். இறந்தவர் மேல் போர்த்துவதற்கு.

"கோடியை மஞ்சள் தொடாம வாசல் பக்கம் கட்டப்பிடாது மக்கா" என்றார்.

சரி அத்தை என்று சொல்லிவிட்டு நான் தொடவில்லை. உடுத்துகிற துணிக்குத்தானே அதெல்லாம், ஜன்னல் என்ன உடுத்தவா போகிறது என்று எனக்குள் ஒரு நியாயம். உண்மை அதுவல்ல. மஞ்சள் பட்டால் கறை தெரியும், நனைத்தால் மொடமொடப்புப் போகும், டீச்சர் கண்ணுக்கு அழகாக இருக்காது. நாலெழுத்துப் படித்துவிட்ட திமிர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை விடிந்ததும் மூங்கில் கழிகளில் கோத்து மூன்று ஜன்னல்களிலும் மாட்டினோம். முன்னறையில் இடம் போதாதென்று இரண்டு பெஞ்சுகளையும் தூக்கி அவர் தெருவில் போட்டார். கடைக்கு அரைநாள் லீவு சொல்லியிருந்தார். வெறும் மேலில் தோர்த்தைப் போட்டுக்கொண்டு, டீச்சரிடம் என்ன பேசுவது என்ற கவலையோடு வாசலில் நின்றார்.

இப்போது தெருவிலிருந்து பாருங்கள். பத்து நாளாகக் காய்ச்சலில் கிடக்கும் கிழவி. கடைக்குப் போகாமல் முகம் வாடி நிற்கும் மகன். தெருவில் பெஞ்சுகள். ஜன்னல் மூன்றிலும் மஞ்சள் தொடாத கோடி.

முதலில் வந்தவர் பலசரக்குக் கடைக்காரர். ஒன்றும் பேசாமல் இவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். டீச்சர் வருவது இவருக்கும் தெரிந்துவிட்டது போல என்று நினைத்து என் வீட்டுக்காரரும் பதிலுக்குக் கையை அழுத்தியிருக்கிறார். பிறகு இரண்டு பேர், நாலு பேர். பெஞ்சுகள் நிறைந்தன. அப்போதுதான் கோமதியக்கா தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு வந்து பாட ஆரம்பித்தாள்.

திரும்பிப் போன வண்டி

மாமியார் மூன்று பாட்டுக் கேட்டார். பிறகு கஷாயக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய்த் திரையை விலக்கி, "கோமதி, தண்ணி குடிச்சிட்டுப் பாடு" என்றார்.

தெரு சிரித்து அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. கோமதியக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பாடியதையெல்லாம் திருப்பி வாங்க முடியாதே.

அந்தக் கலகலப்பில் நான் மட்டும்தான் மூன்றாவது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சந்தின் முனையில் ஒரு வில்வண்டி நின்றிருந்தது. வெள்ளைச் சட்டையும் முண்டுமாக ஓர் அம்மாள் இறங்கி நின்று, கோடி தொங்கும் ஜன்னலையும் கூட்டத்தையும் பார்த்தார். தெருவின் சிரிப்பு அந்த முனைவரை கேட்கவில்லை போலும். வீட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினார். வண்டி திரும்பியது.

நான் ஆரியசாலைத் தெருவில் ஓட முடியாது. அந்த நாளில் ஒரு மருமகள் ஓட முடியாது. என் வாயிலிருந்து "டீச்சர் போறாங்க" என்று மட்டும் வந்தது. அதுவும் சத்தமாக வரவில்லை. என் இரண்டு மாத ஆசை அந்த மாட்டு வண்டிக்குப் பின்னால் போவதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். அடுத்த கணம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். ஒருத்தரிடமும் கெஞ்ச மாட்டேன் என்ற மனிதர் வெறும் மேலோடு, செருப்பில்லாமல், அவரைத் தினமும் கும்பிட்டு விலகும் சுமைக்காரர்கள் நடுவே ஓடினார். நல்ல வேளையாக முனையில் மிளகாய் வண்டிகள் மறித்து நின்றன. வில்வண்டியின் பின்கம்பைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதை அன்று தெருவே கேட்டது.

"யாரும் சாகல்லே டீச்சரே. அது கர்ட்டனாக்கும். எனக்க வீட்டுக்காரி தச்சது. ஒரு நடை வந்து பாத்துட்டுப் போணும்."

இந்த விரலாலா?

அவர் டீச்சரோடு திரும்பி வருவதற்குள் வீட்டில் வேறு காரியம் நடந்துவிட்டது. மாமியார் மூன்று திரைகளையும் கழற்றச் சொல்லி, மஞ்சள் கரைத்த அண்டாவில் முக்கிவிட்டார். "இனி எவனும் எனக்குப் பெஞ்சு போடப்பிடாது" என்றார்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். அண்டாவைப் பார்த்தார். கைச்சட்டையை ஏற்றிவிட்டுக்கொண்டு, சொட்டச் சொட்ட ஒரு திரையை எடுத்து, நேராகக் கீழ்மடிப்பைத் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார். யார் தைத்தது என்று மலையாளத்தில் கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

அவர் பார்வை என் விரலில் இருந்த எலுமிச்சம்பழத்துக்கு வந்தது.

"ஈ விரல் வச்சோ?"

உண்மையைச் சொன்னால் என் வீட்டுக்காரர் மானம் போகும். சொல்லாவிட்டால் பொய்க்காரி ஆவேன். ஜன்னல்களில் திரையும் இல்லை. கம்பிக்கு வெளியே பலசரக்குக் கடைக்காரரிலிருந்து வண்டிக்காரர்கள் வரை அத்தனை பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கீழ்மடிப்பு நான் தச்சது" என்றார் அவர். மெதுவாகச் சொல்லவில்லை. "பாக்கி பூராவும் இவளாக்கும்."

வெளியே யாரோ கெக்கலித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. என்னிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டார். எத்தனை மடங்கு துணி, ஏன், தறித்துணி எவ்வளவு சுருங்கும், இதை ஏன் முதலில் நனைக்கவில்லை. கடைசிக் கேள்விக்கு, கர்வத்தால் என்று சொன்னேன். அது உண்மை, அன்று அதற்கு மேல் பொய் சொல்லத் தெம்பில்லை.

விரல் ஆறியதும் பள்ளிக்கூடத்துக்கு வந்து அவர் எதிரில் ஒரு பாவாடை தைத்துக் காட்டச் சொன்னார். பிறகு எழுந்து, என் வீட்டுக்காரரைப் பார்த்து, இவளை வேலைக்கு அனுப்ப உங்களுக்குச் சம்மதமா என்று முறையாகக் கேட்டார். டீச்சர் கேட்க வேண்டும் என்று அவர் விரும்பியது அதைத்தான். ஆனால் அப்போது அவருக்கு அது நினைவே இல்லை. "அவ போட்டும்" என்றார்.

கர்ட்டன் பிள்ளை

இரண்டு மாதம் கழித்து வேலையில் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்துக் கதைகளைத் தனியே எழுத வேண்டும்.

துணி சுருங்கித் திரைகள் ஜன்னலுக்கு இரண்டு விரல் மேலே ஏறிவிட்டன. கீழ்மடிப்பைப் பிரித்து அவரே இறக்கித் தைத்தார். மஞ்சளை வெயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது.

நமச்சிவாயம் பிள்ளை அன்றோடு போனார். சாலையிலும் ஆரியசாலையிலும் அவர் கர்ட்டன் பிள்ளை ஆனார். முதலில் வருத்தப்பட்டார். பிறகு பழகிவிட்டது. மறைக்க ஒன்றும் மிச்சமில்லை என்று ஆனபிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னல் திரையை ஒதுக்கிவிட்டு, வெளிச்சத்தில் உட்கார்ந்து, நான் கொண்டுவரும் பிள்ளைகளின் கைக்குட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மோசமாக இருந்தால் என்னிடம் நீட்டி, "பிரி" என்பார்.

உலகச் சண்டை முடிந்து, துணிக்கு ஊரே ஆலாய்ப் பறந்த காலத்தில் ஒருநாள் அவர் போனார். இந்த முறை பெஞ்சுகளைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கித் தெருவில் போட்டார்கள். என் அண்ணன் எங்கெல்லாமோ அலைந்து ஒரு கோடி வாங்கி வந்தான். அதை விரித்தார்கள். வெட்டின தலைப்பில் நூல் பிரிந்து தொங்கியது.

ஊசி கேட்டேன். துக்கத்தில் இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். கோமதியக்காதான் அழுவதை நிறுத்திவிட்டு எழுந்துபோய், என் பெட்டியிலிருந்து ஊசியும் நூலும் எடுத்துவந்து கொடுத்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நாலு விரல் மடித்து, அந்தத் தலைப்பு முழுவதையும் தைத்து முடித்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள்.

அவர் கை மாதிரி வரவில்லை. வெளிப்பக்கம் அங்கங்கே ஊசி பட்டது தெரிந்தது. பிரிப்பதற்கு நேரம் இல்லை.